90 மீட்டர் ஒயருக்கு ஒரு நன்றி

அன்புள்ள இயக்குநர் ஆக்னஸ் வார்தா அம்மையாருக்கு,

2019 மார்ச்சில், 90 வயதில் நீங்கள் விடைபெற்றீர்கள். இந்த மடல் உங்கள் கைக்குக் கிடைக்காது. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1970களின் நடுவில் உங்கள் மகன் மத்தியூ சின்னப் பிள்ளை. அவனை விட்டுவிட்டு வெளியூர் படப்பிடிப்புக்குப் போக வழியில்லை. 'பிள்ளை வளரட்டும், பார்க்கலாம்' என்று கேமராவை மூட்டை கட்டிவைக்க யோசனை சொல்ல ஆளா இல்லை? நீங்களோ பாரிஸ் வீட்டின் மின்மீட்டரிலிருந்து 90 மீட்டர் ஒயரை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினீர்கள். ஒயர் எட்டுகிற தூரம்தான் படம் என்று முடிவு. ரொட்டிக்கடை, கறிக்கடை, தையல்கடை என்று நீங்கள் குடியிருந்த தாகேர் தெருவின் அக்கம்பக்கத்தாரே பாத்திரங்கள். வாசனைத் திரவியக் கடையில் ஒரு வயதான தம்பதி. பொழுது சாய்ந்தால் அந்த அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. கதவருகே வந்து வந்து நிற்பார். உங்கள் கேமரா அவரை அவசரப்படுத்தவே இல்லை. வீட்டில் கட்டிப்போடப்பட்ட நிலையையே படத்தின் வடிவமாக்கினீர்களே, அதற்குத்தான் முதல் நன்றி.

தொடக்கமே அப்படித்தான். நாடகக் குழுவின் புகைப்படக்காரராக இருந்தீர்கள்; சினிமா பார்த்த பழக்கம்கூட அதிகமில்லை. 1954இல் செத் நகரத்து மீனவர் குடியிருப்பில், சம்பளம் வாங்காத குழுவை வைத்து 'லா புவாந்த் கூர்த்' எடுத்தீர்கள். படத்தொகுப்பு அலென் ரெனே. பிரெஞ்சு சினிமாவின் 'புதிய அலை' இயக்குநர்களான த்ருஃபோவும் கோதாரும் முழுநீளப் படம் எடுக்க இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. பிறகு, முப்பதைத் தாண்டியதுமே உங்களுக்குப் 'புதிய அலையின் பாட்டி' என்று பெயர் வைத்தார்கள். செல்லப்பெயர்தான், ஆனால் ஓரமாக உட்காரவைக்கவும் அது வசதியாக இருந்தது என்பது என் எண்ணம்.

1985இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய 'வேகபாண்ட்' பற்றி ஊரே பேசியாகிவிட்டது. எனக்கு நெருக்கமானது 2000இல் வந்த 'பொறுக்குபவர்களும் நானும்'. அறுவடை முடிந்த வயலில் மிச்சம் பொறுக்குபவர்களை, கையடக்க டிஜிட்டல் கேமராவோடு தேடிப் போனீர்கள். அங்கி அணிந்த வழக்கறிஞரை வயலுக்கு நடுவே நிறுத்தி, பொறுக்கும் உரிமை பற்றிய சட்டத்தைச் சொல்லவைத்தீர்கள். கடைக்குத் தேறாதென்று கொட்டப்பட்ட கிழங்குகளில் இதய வடிவில் இருந்தவற்றை வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள். ஒரு கையால் கேமராவைப் பிடித்து, மறு கையின் சுருக்கங்களைக் கூச்சமில்லாமல் காட்டினீர்கள்.

அதே படத்தில், கேமராவை அணைக்க மறந்து நடந்தபோது லென்ஸ் மூடி தொங்கித் தொங்கி ஆடியதே! படத்தொகுப்பு மேசையில் வேலை பார்க்கிற நான் முதல் பார்வையிலேயே வெட்டி எறிந்திருப்பேன். நீங்கள் அதற்கு ஜாஸ் இசை சேர்த்துப் படத்திலேயே ஆடவிட்டீர்கள். இப்போதெல்லாம் வேண்டாத காட்சி என்று எதையும் முழுதாகப் பார்க்காமல் அழிப்பதில்லை. தயாரிப்பாளர்தான் நேரமாகிறது என்று திட்டுகிறார்.

அன்புடன்,
உங்கள் ரசிகை