பிளக்கின் நிறம்

சென்ற பொங்கலுக்குக் காடாம்புலியூரில் கூடியிருந்தபோது, எங்களில் இளையவனின் பல்சர் காலையில் நாலைந்து முறை உதறிவிட்டே கிளம்பியது. பண்ருட்டிக்குக் கொண்டுபோகலாம் என்றால் பண்டிகை நாளில் பட்டறை ஏது? புதுப் பிளக்குகள் இரண்டு வாங்கி வைத்தவை வீட்டில் கிடந்தன. நாமே மாற்றிவிடலாம் என்று வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். திண்ணையிலிருந்த அப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் கையில் பிளக் ஸ்பேனரைப் பார்த்தால் அவர் மௌனமாகிவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் ஊர் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில், கும்பகோணம் சாலையில் இருக்கிறது. செம்மண்ணும் முந்திரியும் பலாவுமான பூமி. அம்மா முந்திரி உடைக்கப் போவாள்; தோட்டு எண்ணெய் பட்டு அவள் விரல்கள் கருத்துத் தோல் உரிந்திருக்கும். அப்பா பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் விரல்களும் கருப்புத்தான், ஆனால் அது எஞ்சின் கருப்பு. இரவு ஷிப்டுக்குப் போய்வர அவர் வாங்கிய பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 அந்தக் கருப்பைக் குறையாமல் கொடுத்துக்கொண்டிருந்தது.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிகிறது. எரியாத மிச்சம் பிளக்கின் முனையில் கரியாகப் படியும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் பிளக் விநாடிக்கு நூறு முறை பொறி வைத்தாக வேண்டும். முனைகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த இடைவெளியில் கரித்துணுக்கு ஒன்று பாலம் போட்டுவிட்டால் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். அதனால் அந்தக் காலத்தில் டூ ஸ்ட்ரோக் வைத்திருந்தவர்கள் பலர் சட்டைப் பையில் பீடிக்கட்டு வைத்திருப்பதுபோல் மாற்றுப் பிளக் ஒன்றை வைத்திருப்பார்கள். அதை 'மைக்கோ' என்றுதான் சொல்வோம். அந்த நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும் எங்கள் பக்கத்துக் கடைகளில் பழைய பெயர் போகவில்லை.

அதே 2008இல்தான் அது நடந்தது. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. தெற்கு வானத்தில் நெய்வேலியின் வெளிச்சம் தெரியும். எங்கள் வீட்டில் சிம்னி விளக்கு எரியும். (இந்த முரணைப் பற்றி ஊரில் பேசாத ஆளில்லை என்பதால் மேலே போகிறேன்.) அன்று சாயங்காலம் வண்டி கிளம்பவில்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இரவு ஷிப்டுக்கு அவர் எழுந்திருக்கும்முன் நாங்களே பிளக்கை மாற்றி வைத்து அவரை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று தோன்றியது.

பழையது கழன்று வந்துவிட்டது. புதியதை வைத்துத் திருகினோம். இரண்டு மரை ஏறி நின்றது. ஸ்பேனரைப் போட்டு டாமி ராடைப் பிடித்து ஒருவர் மாற்றி ஒருவர் பலம் கொடுத்தோம். இறுகிக்கொண்டே போவது நல்லதென்று நினைத்தோம். எஞ்சின் ஹெட் அலுமினியம், பிளக்கின் மரை இரும்பு. கோணலாக ஏறிய இரும்பு அலுமினியத்தில் தனக்கொரு புது வழியை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. அப்பா எழுந்து வந்து கிக்கரை உதைத்தார். மூன்றாவது உதையில் பிளக் டப்பென்று பிடுங்கிக்கொண்டு வந்து, கேப்போடு டாங்கின் அடியில் மோதித் தொங்கியது. சிம்னி வெளிச்சத்தில் அதன் மரையில் வெள்ளி இழைபோல் அலுமினியத் துருவல் மின்னியது.

அவர் எங்களை அடிக்கவில்லை. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு சாலைக்கு நடந்தார். பேருந்து பிடித்து ஆர்ச் கேட்டில் இறங்கி, அங்கிருந்து உள்ளே நடந்து போய்ச் சேர்ந்தபோது அவர் இடத்தில் வேறொருவர் நின்றிருந்தாராம். அன்று மட்டுமல்ல, அந்த மாதத்தின் மிச்ச நாட்களுக்கும் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அம்மா காலையில் இன்னும் சீக்கிரமாகக் கிளம்பி, இன்னும் தாமதமாக வந்தாள். அவள் விரல்களைப் பார்க்கக் கூசி நாங்கள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டோம்.

பண்ருட்டி லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, புஷ் அடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா எங்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரு முழத்துக்கும் குறைவான பெட்ரோல் குழாய்த் துண்டு ஒன்றைப் பிளக்கின் பீங்கான் தலையில் செருகினார்.

"இதைப் புடிச்சி மொதல்ல பின்னாடி சுத்து. மரை எறங்குறது கைக்குத் தெரியும். அப்புறம் முன்னால சுத்து. கையாலயே முழுசும் உள்ள போவணும். போவலன்னா எடுத்துடு."

குழாய்க்கு இரும்பை வெல்லும் பலமில்லை. மரை கோணினால் அது வழுக்கிவிடும், அவ்வளவுதான். அடிவரை போனபின் ஸ்பேனர். புதுப் பிளக்கென்றால் சுமார் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். கழற்றும்முன் சைக்கிள் பம்பால் சுற்றியிருக்கும் செம்மண்ணை ஊதவும், வண்டி ஆறும்வரை காத்திருக்கவும் அன்றுதான் கற்றோம். இடைவெளிக்கு அவரிடம் அளவுகோல் கிடையாது. ஒடிந்த ஹேக்ஸா பிளேடை நுழைத்துப் பார்ப்பார். கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும்.

பிளக்கின் நிறத்தைப் படிக்கவும் கற்றுத் தந்தார். காப்பிப் பொடி நிறமென்றால் சுகம். வெளுத்திருந்தால் சூடு அதிகம். ஈரக் கருப்பென்றால் எண்ணெய் அதிகம். அவருடையது எப்போதும் ஈரக் கருப்புத்தான். நடுராத்திரியில் முந்திரித் தோப்போரம் பிஸ்டன் பிடித்துவிடுமோ என்ற பயத்தில் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றிவிடுவார். அந்தப் பயம்தான் பிளக்குகளைத் தின்றது என்பது அவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறோம்.

பல்சருக்கு வருவோம். 2003இல் வந்த அந்த டிடிஎஸ்ஐ எஞ்சினில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒன்று எளிதில் வந்தது, இன்னொன்று குழிக்குள் மறைந்திருந்து முக்கால் மணி நேரம் வாங்கியது. புதியவற்றை எடுத்துக் குழாய்த் துண்டைத் தேடியபோது அப்பா திண்ணையிலிருந்து கையை நீட்டினார். கழற்றிய இரண்டையும் கொடுத்தோம். வேட்டி முனையால் துடைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று காப்பிப் பொடி, ஒன்று கரி.

"இது எரிஞ்சிருக்கு. இது எரியவே இல்ல. பிளக்கு மேல தப்பில்லடா. கேப்பைக் கழட்டிப் பாரு."

கேப்புக்குள் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. சுரண்டி, வயரின் நுனியை வெட்டி மறுபடி திருகினோம். கரியைத் துடைத்துப் பழைய பிளக்குகளையே கையால் ஏற்றினோம். அரைக்கால் சுற்றுகூட ஸ்பேனர் தேவைப்படவில்லை. வண்டி முதல் தொடுதலிலேயே பிடித்துக்கொண்டது. புதுப் பிளக்குகளை அப்பா டப்பாவோடு வாங்கி, திண்ணைப் பிறையில் ஹேக்ஸா பிளேடுக்குப் பக்கத்தில் வைத்தார்.