ஒன்பது புள்ளிச் சீட்டு

ஒரு கைபேசியை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று கணக்கிட்டு மதிப்பெண் போடும் யோசனை ஒன்றிய அரசிடம் இருக்கிறது. நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. கழற்றுவது சுலபமா, உதிரி பாகம் காலத்தோடு கிடைக்குமா, கருவி கிடைக்குமா, பழுது பார்க்கத் தேவையான விவரங்களைக் கம்பெனி வெளியிடுகிறதா என்றெல்லாம் பார்த்துப் போடும் மதிப்பெண். இந்த வேலையை அன்றாடம் செய்கிறவர்களிடம் போய்ப் பேச வேண்டும் என்று செய்தியைப் படித்தபோதே தோன்றியது. தண்டையார்பேட்டை நண்பர் ஒருவர், “காசிமேட்டு போட்காரங்க போனெல்லாம் ஒரு அக்காகிட்டதான் போவும்” என்று சொல்லி ராயபுரத்துக்கு அழைத்துப் போனார்.

சூரிய நாராயண செட்டித் தெருவிலிருந்து பிரியும் சந்தில் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். மேசையில் ஹாட் ஏர் மெஷின், மைக்ரோஸ்கோப், பவர் சப்ளை, சுத்தம் செய்யும் ஐபிஏ பாட்டில், பழைய டூத் பிரஷ். அன்று வந்திருந்த போன் ஒன்று அரிசிப் பைக்குள் புதைந்திருந்தது. “அரிசி ஒண்ணும் பண்ணாது, உள்ள மாவுதான் போய் அடைக்கும். கடல் தண்ணி பட்டா உடனே ஆப் பண்ணிட்டுத் தூக்கிக்கினு வரணும். இதுங்க சார்ஜ் போட்டுப் பாத்துட்டு வருங்க” என்றார் அக்கா. நல்ல தண்ணீரில் விழுந்த போன் பிழைக்க வாய்ப்பு அதிகம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பேட்டரி உயிரோடு இருந்தால் சில மணி நேரத்திலேயே போர்டில் பச்சை பூத்துவிடும். அந்தப் பச்சையை பிரஷால் தேய்த்து எடுத்து, சில இடங்களில் ஜம்பர் இழுத்து, அன்று மதியத்துக்குள் அந்த போனுக்கு உயிர் கொடுத்துவிட்டார்.

என் கவனம் போனது அதற்கு அடுத்த கட்டத்துக்கு. போன் ஆன் ஆகிவிட்டது, திரை வந்துவிட்டது, ஆனால் பூட்டியிருக்கிறது. சொந்தக்காரர் மீன் ஏலத்துக்குப் போயிருக்கிறார். இப்போது எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எப்படிப் பார்ப்பது?

தன் போனிலிருந்து அந்த எண்ணுக்கு அடித்தார். பூட்டிய போனிலும் வரும் அழைப்பை எடுக்கலாம் அல்லவா? மணி அடித்தால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. மேசை அதிர்ந்தால் வைப்ரேட்டர். விரலால் இழுத்து எடுக்க முடிந்தால் அந்த இடத்தில் டச் வேலை செய்கிறது. காதருகே கொண்டுபோனதும் திரை அணைந்தால் சென்சார் பழுதில்லை. “ஹலோ ஹலோ” என்று இந்த போனில் பேசி அந்த போனில் கேட்டால் மைக். மேலிருந்து இழுத்து டார்ச்சைப் போட்டார். ஒரே அழைப்பில் பாதிப் பரிசோதனை முடிந்துவிட்டது. அழைப்பு வந்தபோது பெயர் வராமல் வெறும் எண் வந்ததைக் காட்டினார். அவர் எண் அந்த போனில் பெயரோடு பதிவாகியிருக்கிறது. ஆனால் அணைந்து எழுந்த ஆண்ட்ராய்டு போன், முதல்முறை பின் எண்ணோ பேட்டர்னோ போடும்வரை உள்ளிருக்கும் எதையும் திறக்காது. பெயர்ப் பட்டியல், வாட்ஸ்அப் எல்லாமே அதுவரை மறைகுறியாக்கத்துக்குள் கிடக்கும். விரல் ரேகையும் அதுவரை செல்லாது.

மீதிப் பாதிதான் மீனவருக்கு உயிர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலி தமிழிலேயே அலை உயரமும் காற்றும் சொல்லும். அந்தத் தகவல்கள் ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்திலிருந்து வருபவை. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வந்து போனபின், கடலுக்குப் போகிறவன் கையில் உள்ள போனைப் பேசுவதற்கான பொருள் என்று மட்டும் யாரும் நினைப்பதில்லை. டவர் எட்டாத தூரத்திலும் ஜிபிஎஸ் இருந்தால் இருக்கும் இடம் தெரியும். அந்த ஜிபிஎஸ்ஸைப் பூட்டிய போனில் பார்க்க வழியில்லை. செயலியைத் திறந்தாக வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சீட்டு.

ரசீதுப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளிலும் மூலையில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகள் ரப்பர் ஸ்டாம்பில் குத்தியிருக்கின்றன. வாடிக்கையாளர் தன் பேட்டர்னை அதில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போவார். ஒன்பது புள்ளிகளில் 3,89,112 விதமாகக் கோடு போடலாம். “இங்க பாதிப் பேருக்கு ‘எல்’லு, மீதிப் பேருக்கு ‘இசட்’டு” என்றார் அக்கா. அந்த போனின் சீட்டிலும் ‘எல்’தான். திறந்தார். போனை எடுத்துக்கொண்டு சந்துக்கு வெளியே, மாடிகளுக்கு நடுவே வானம் தெரியும் இடத்துக்குப் போய் நின்றார். நீலப் புள்ளி முதலில் எங்கோ மிதந்தது, பிறகு ராயபுரத்துக்கு வந்து நின்றது. அதற்குமேல் எதையும் தொடாமல் பூட்டிவிட்டார்.

இந்த ஒழுங்கு அவருக்கு வந்த இடம் ஸ்ரீபெரும்புதூர். 2008இல் பிளஸ் டூ முடித்த கையோடு நோக்கியா ஆலையில் சேர்ந்தவர். விடியுமுன் கம்பெனி பஸ், டெஸ்டிங் லைன், பட்டன் போன்கள். அங்கே சோதித்த எந்த போனுக்கும் பூட்டு இல்லை, சிம் இல்லை, சொந்தக்காரர் இல்லை. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கிய சென்னை ஆலை வெளியே நின்றது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள்; நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. வந்த பணத்தில் பாதி அப்பாவின் வைத்தியத்துக்கு, மீதி இந்த மேசைக்கு. “அங்க ஒரு நாளைக்கு எவ்வளவு போன் பாத்திருப்பேன்! ஒண்ணுலயும் யாரோட போட்டோவும் இருக்காது. மொத நாள் கடையில ஒரு போனைத் தொறந்தேன், கல்யாணப் போட்டோ. கை ஒதறிடுச்சுண்ணா.”

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழுது பார்க்கக் கொடுத்த கணினிகளை வைத்து நடத்திய ஆய்வை 2022இல் வெளியிட்டார்கள். சில கடைகளில் சொந்தப் படங்களைத் திறந்து பார்த்ததும், நகலெடுத்ததும்கூட அதில் பதிவாகியிருந்தன. திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி இந்தச் சந்தைத் தேடி வருவதற்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை. பழுது பார்ப்பவர் கண்ணில் எதுவும் படாமலிருக்க சாம்சங் 2022இல் ஒரு பாதுகாப்பு முறை கொண்டுவந்தது. கூகுளும் பின்னால் வந்தது. ஆனால் அதைப் போட, முதலில் போனைத் திறக்க வேண்டும். கடலில் விழுந்து இருட்டாக வரும் போனில் யார் போடுவது? அக்கா கேட்பது மிகச் சின்ன விஷயம்: பூட்டைத் தொடாமலே டச், சென்சார், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் பார்க்க ஒரு மெனு, எந்தக் கம்பெனி போனிலும் ஒரே மாதிரி. அரசுக் குழு சொன்ன அளவுகோல்களில் இதற்கு இடமில்லை. சேர்க்க வேண்டும்.

பூட்டை உடைத்துத் தரச் சொல்லி வருபவர்களும் உண்டு. பில் இல்லாமல் தொடமாட்டார். திருட்டு போனா என்று ஐஎம்இஐ எண்ணை 14422க்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. அப்படித் திருப்பி அனுப்பியதில் இழந்த காசும் கணிசம்தான்.

காசு உண்மையில் ஒழுகிப்போகும் இடம் கம்போ. டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த கண்ணாடி அது. கம்பெனிகள் பலவும் உதிரி பாகத்தை வெளிக் கடைகளுக்குக் கொடுப்பதில்லை. கிடைப்பதெல்லாம் மொத்த வியாபாரி கொடுக்கும் சரக்கு. ‘ஒரிஜினல்’ என்று அச்சடித்த பெட்டிக்குள் காப்பி இருக்கும். பில் கிடையாது. மேலே ஒட்டிய பிலிமைக் கிழித்தால் ரிட்டர்ன் கிடையாது. திரைக்கு அடியில் விரல் ரேகை படிக்கும் போன்களில் மலிவுக் கம்போ போட்டால் ஒளி ஊடுருவாமல் ரேகையே செத்துவிடும். வாடிக்கையாளர் சண்டைக்கு வருவது அக்காவிடம், டீலரிடம் அல்ல. கம்பெனி பொருளை அடைத்துவைக்கிறது, அந்த அடைப்பில் டீலர் கொழுக்கிறார், நட்டம் மட்டும் மேசைக்கு இந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்திருப்பவர் தலையில். இதைத் தொழில் தர்மம் என்று யாரும் சொல்ல முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில்கூட சரக்குக்கு உடனே காசு கேட்கும் அதே டீலர், வீணாய்ப்போன கம்போவுக்குப் பதில் தர மாதக்கணக்கில் இழுக்கிறார். பரிசோதனைக்கு என்று தனியாகக் கூலி வாங்குகிறீர்களா என்று கேட்டேன். “செக்கிங்குக்கு யாருண்ணா துட்டு குடுப்பா? ஆனா அதை விட்டா நடுக்கடல்ல அவன் என்னையத்தான் திட்டுவான்.”

மாலையில் சொந்தக்காரர் வந்தார், கால்சட்டையில் செதில் ஒட்டியிருந்தது. அக்கா அவர் எதிரிலேயே ஜிபிஎஸ்ஸைப் போட்டுக் காட்டினார், ஸ்பீக்கரைக் கேட்கவைத்தார். பிறகு சீட்டின் மூலையைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்து, பேட்டர்னை மாற்றச் சொன்னார்.

“உன்கிட்ட மறைக்கறதுக்கு இன்னாமா கீது?”

“எனக்குத் தெரிஞ்சிடுச்சில்ல, மாத்திடு. செட்டிங்ஸ் போ. செக்யூரிட்டி. அதான்.” சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “திரும்பியும் ‘எல்’லு போடாதண்ணா.”