தலைப்பெழுத்து

பெர்லின் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவெண் கிடையாது. தெருவின் பெயர் உண்டு. கட்டடத்திற்கு எண் உண்டு. உள்ளே முன்கட்டு, பக்கக்கட்டு, பின்கட்டு என இருபது முப்பது குடித்தனங்கள் இருப்பினும், எவ்வீடு எவருடையது என்பதைக் காட்டுவது பெயர் ஒன்றே. வாயிலில் உள்ள தகட்டில் அழைப்புமணிப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குடும்பப்பெயர் காணப்படும். அஞ்சல் பெட்டிகளின் மீதும் அவ்வாறே. பெட்டியில் பெயர் இல்லையேல் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். 'மாரியம்மன் கோவில் எதிர்ச்சந்து, மாடிவீடு' என்று எழுதினாலும் தேடிவந்து கொடுத்துவிடும் அஞ்சல்காரர்களிடையே வளர்ந்தவர்களுக்கு இம்முறை எளிதில் பிடிபடுவதில்லை. மென்பொருள் நிறுவனமொன்றில் பணியேற்க, 2022 அக்டோபரில் கரூரிலிருந்து அங்குச் சென்ற இளம்பொறியாளர் ஒருவருக்கு அது விளங்க ஏழு வாரங்கள் ஆயின.

சென்றவுடன் அவர் எதிர்கொண்டது வேறொரு புதிர். செருமனியில் ஒரு வீட்டில் குடியேறியவர் இரண்டு வாரங்களுக்குள் தம் முகவரியை அரசு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். அப்பதிவுக்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட சான்று தேவை. உரிமையாளரோ வாடகைக்கு விடும்முன் வங்கிக் கணக்கைக் காட்டச் சொன்னார். வங்கி, முகவரிப் பதிவைக் கேட்டது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? அலுவலகத் தோழி ஒருவர் தம் வீட்டின் ஓர் அறையை உள்வாடகைக்குப் பெற்றுத்தந்ததால்தான் அந்த வட்டம் உடைந்தது. பதிவு முடிந்த மாலையில், வெள்ளைத்தாளில் தம் பெயரை அழகாக எழுதி அஞ்சல் பெட்டியில் ஒட்டினார் அப்பொறியாளர். பிழை அங்கேதான் நேர்ந்தது.

முகவரியைப் பதிந்தவர்க்கு வரி அடையாள எண் ஒன்று அஞ்சலில் வரும். அதை நிறுவனத்திடம் அளிக்காவிடில் உயர்ந்த விகிதத்தில் வரி பிடிக்க நேரும். மிகுதியாகப் பிடித்த தொகை பின்னர்த் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கரூரில் மாதந்தோறும் கட்டவேண்டிய கல்விக்கடன் 'பின்னர்' என்னும் சொல்லை ஏற்குமா? முதல் மாத ஊதியத்தைக் கண்டபோது வாடகைக்கும் உணவுக்கும் போக அனுப்புவதற்கு ஏதும் மிஞ்சவில்லை. அம்மாதத் தவணைக்குத் தந்தை தம் மிதிவண்டிக் கடைக்கு வாங்க வைத்திருந்த சரக்குப் பணத்தை எடுத்துக் கட்டினார். இரண்டாம் மாதமும் கடிதம் வரவில்லை. நேரில் சென்று கேட்டால் எண்ணைப் பெறலாம் என்று ஒருவர் கூறவே, திசம்பர் மாதத்துக் காலையொன்றில் வரி அலுவலகத்திற்குப் புறப்பட்டார். அன்று நண்பகல்வரைதான் அது திறந்திருக்கும்.

காலந்தவறாமைக்கு எடுத்துக்காட்டாக நாம் செருமனியைச் சொல்வதுண்டு. அங்கு வாழ்வோர் அதைக் கேட்டால் சிரிப்பர். பெர்லினின் புதிய விமான நிலையம் 2012 சூன் மாதம் திறக்கப்படுவதாக இருந்தது. தீத்தடுப்பு அமைப்பில் இருந்த குறைகளால் சில வாரங்களுக்கு முன்பு அத்திறப்புவிழா கைவிடப்பட்டது. நிலையம் திறக்கப்பட்டது 2020 அக்டோபர் இறுதியில். நாட்டின் தொடர்வண்டிக் கணக்கிலோ, ஆறு நிமிடத்திற்குக் குறைவான தாமதம் தாமதமே அன்று. நகரைச் சுற்றி ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளும் வட்டப்பாதையில் ஒரு முழுச்சுற்று ஒரு மணிநேரம் ஆகும். அன்று அப்பாதையின் ஒரு பகுதியில் பராமரிப்புப் பணி நடந்தது. பயணியர் அனைவரும் இறங்கி, மாற்றுப் பேருந்துக்குக் குளிரில் வரிசையில் நின்று, இரண்டு நிலையங்களுக்கு அப்பால் மீண்டும் தொடர்வண்டி ஏறவேண்டியிருந்தது.

பெர்லின் தொடர்வண்டி நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லை. யாரும் நேரே நடைமேடைக்குச் செல்லலாம். எந்திரத்தில் வாங்கிய பயணச்சீட்டை, நடைமேடையிலுள்ள சிறு பெட்டியில் செருகி நேரமுத்திரை பதித்துக்கொள்வது பயணியின் பொறுப்பு. முத்திரையற்ற சீட்டு, சீட்டே ஆகாது. ஓடிவந்து ஏறிய அவர் அதை மறந்தார். சாதாரண உடையில் அமர்ந்திருந்த ஒருவர் எழுந்து அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டைக் கேட்டார். அப்போது சீட்டின் விலை 3 யூரோ. அபராதம் 60 யூரோ. 'தெரியாது', 'மறந்துவிட்டேன்' என்னும் விளக்கங்களைப் பரிசோதகர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. இழைக்கப்பட்டது அநீதியா எனில், அன்று. அவரிடம் சீட்டு இருந்தது; விதியின்படி அவர் பயணச்சீட்டு இல்லாதவர். இரண்டும் ஒருசேர உண்மை.

அபராதத் தாளை வாங்கிப் பார்த்தார். அதில் தடித்த எழுத்தில் இருந்தது அவருடைய தந்தையின் பெயர்.

நம் மரபில் குடும்பப்பெயர் இல்லை. பெயருக்குப் பின்னால் இருந்த சாதி ஒட்டைக் களைவதென 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் முடிவெடுக்கப்பட்டது. அதன்பின் தந்தை பெயரின் முதல் எழுத்தும் தம் பெயருமே தமிழர்க்குப் போதுமானவையாயின. கடவுச்சீட்டுப் படிவத்திலோ இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. தலைப்பெழுத்து விரிந்து, தந்தை பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அமர்ந்துவிடுகிறது. அவ்வகையில் அந்நகரத்து அலுவலகங்களுக்கெல்லாம் அவர் தந்தை பெயரால் அறியப்பட்டவர். வரி அலுவலகத்துக் கடிதமும் அப்பெயருக்கே வந்து, பெட்டியில் அப்படி ஒருவர் இல்லையென்று திரும்பியிருக்க வேண்டும். ஆடும் தொடர்வண்டியில் நின்றவாறே இதை அவர் உணர்ந்தார். அலுவலகத்தை அடைந்தபோது கதவு சாத்தியிருந்தது. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் நகரம் அது. அறைக்குத் திரும்பியவுடன் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தார்.

பயணச்சீட்டு வாங்காமல் வாழ்நாளில் ஒரு பேருந்திலும் ஏறாதவர் தந்தை. அவருடைய பெயரில் அபராதம் என்று சொல்லும்போதே மகளுக்குத் தொண்டை அடைத்தது. மறுமுனையில் சிறிதுநேரம் பேச்சில்லை. பிறகு தந்தை கேட்டார்: "ஏங் கண்ணு, எம் பேர அங்க சரியாச் சொல்றாங்களா?"

"இல்லீங்கப்பா. பாதியைத்தான் சொல்றாங்க."

"சரி, பாதியாவது சொல்றாங்களே" என்று அவர் சிரித்தார். அடுத்த தவணையைப் பற்றி மகள் பேச்செடுக்க விடவில்லை.

மறுநாள் கட்டடக் காப்பாளரிடம் இரண்டு பெயர்களையும் எழுதிக் கொடுத்தார். தகட்டின் நீளம் போதாது என்று காப்பாளர் தலையசைத்தார். அவர் அச்சிட்டுவந்த சிறு பட்டையில் தந்தையின் பெயர் முழுமையாக இருந்தது. அதற்குமுன் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும். கரூரில் மகளின் பெயருக்குமுன் ஒற்றை எழுத்தாக நின்றவர், இங்கே தகட்டை நிறைத்திருந்தார், மகள் தலைப்பெழுத்தாகியிருந்தார்.

வரி எண்ணை மீண்டும் அனுப்பக் கோரி அன்றே விண்ணப்பித்தார். சனவரியில் அது வந்து சேர்ந்தது. அதற்கு முன்பாகவே, அபராதத்தைச் செலுத்த நினைவூட்டும் கடிதம் அதே பெட்டியில் தவறாமல் வந்து விழுந்திருந்தது.