வெள்ளை பேசினில் வெளுத்த சிவப்பு

கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கிறார்கள் என்பது சென்னையில் எல்லோருக்கும் தெரியும். அங்கேயே இறால் வளர்க்கும் வீடும் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூட்டிப்போனவர் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் நண்பர். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் சிறுவனாக மீன் வாங்கியவர். “வறுக்கிற இறால் இல்ல, ஒரு இஞ்ச் தாண்டாது” என்று வழியிலேயே என் கற்பனைக்குக் கடிவாளம் போட்டார்.

இரட்டை ஏரிப் பக்கம், சந்துக்குள் ஒரு கீழ்த்தள வீடு. செருப்பு விடும் இடம் வரைக்கும் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் பஞ்சு ஃபில்டர் குமிழிவிட, பாசியிலும் காய்ந்த பாதாம் இலையிலும் சிவப்புச் செர்ரி இறால்கள் ஓயாமல் எதையோ பொறுக்கி வாயில் வைத்துக்கொண்டிருந்தன. இலையில் படியும் வழுவழுப்புதான் அவற்றுக்குப் பாதிச் சாப்பாடு. மீதிக்கு அவ்வப்போது வெந்த கீரை.

அந்த வீட்டு அக்கா முன்பு மீன்தான் வளர்த்தார். மீன்குஞ்சுக்குப் புழு வேண்டும். அதை எடுக்க அவர் கணவர் வெறுங்காலோடு சாக்கடைக் கால்வாயில் இறங்குவார். காலில் வந்த புண் ஆறவே இல்லை. “புழு இல்லாம வளர்ற ஜீவன் ஏதாச்சும் இருக்கான்னு தேடித்தான் சார் இதுல வந்து நின்னோம்.” கணவர் இப்போது வீட்டோடு உட்கார்ந்து பாக்கிங் பார்க்கிறார். பாலிதீன் பைக்குள் தண்ணீர், அதற்கு மேல் ஆக்சிஜன், இறால் பற்றிக்கொள்ள ஒரு துண்டு வலை.

தண்ணீரின் கடினத்தன்மை பற்றி அவர்கள் மகன் மீட்டரைக் காட்டி நீளமாக விளக்கினான். போர் தண்ணீரில் ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. சத்துருக்களின் பட்டியலில் எனக்குக் குழப்பமில்லை. மீன் மருந்தில் இருக்கும் செம்பு இறாலைக் கொன்றுவிடும். அதனால் பக்கத்து வீட்டு வலையைக்கூட இரவல் வாங்குவதில்லை. மே மாத வெயில் வந்தால் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் மிதக்கவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கொசுப்புகை. கொசுவைக் கொல்லும் மருந்து இறாலையும் விடாது. புகை மெஷின் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே ஜன்னலைச் சாத்தி, காற்று பம்ப்பையும் நிறுத்திவிடுகிறார்கள். பம்ப் ஓடினால் புகையை அதுவே தண்ணீருக்குள் இழுத்து ஊதிவிடும்.

செர்ரி இறால் ஆதியில் சிவப்பல்ல. தைவான், சீன ஓடைகளில் அதன் மூதாதை மண்பழுப்பு. உடம்பு பாதி கண்ணாடி. சிவந்ததை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து இணைசேர்த்ததில் வந்த நிறம் இது. வெளுத்ததை எடுக்காமல் விட்டாலோ, நீலத்தையும் மஞ்சளையும் ஒரே தொட்டியில் போட்டாலோ, சில தலைமுறைகளில் பழுப்பு திரும்பிவிடும். ஆகவே தரம் பிரிக்கும் வேலை ஓய்வதில்லை.

அதற்கு அக்கா வைத்திருக்கும் கருவி ஒரு பழைய சின்டெக்ஸ் டேங்க் மூடி. டேங்க் போய்விட்டது, மூடி மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது. அதை மல்லாத்தி நாலு விரற்கடை தண்ணீர் ஊற்றி, இறால்களை விட்டு, தான் பாட்டுக்கு உலை வைக்கப் போய்விடுகிறார். பயந்த இறால் வெளுக்கும். வெளிர்த் தரையில் விட்டாலும் வெளுக்கும். உடம்பிலுள்ள நிறப்பொட்டுகள் அப்போது சுருங்கிக்கொள்கின்றன. கறுப்பு மூடியில் பயம் அடங்கிய பிறகுதான் மெய்யான நிறம் தெரியும். அப்போதும் அவர் கண் முதுகுக்குப் போகவில்லை. “முதுகு எல்லாத்துக்கும் செவக்கும் சார். கால பாருங்க.” கால்வரை சிவப்பு ஊறியிருந்தால் முதல் தரம். சின்னதாக வெளுத்திருப்பவை பெரும்பாலும் ஆண்; அவற்றை எடைபோட அவருக்குத் தனிக் கண். வயிற்றுக்கடியில் முட்டைக்கொத்து சுமக்கும் பெண்ணை இந்த வேலையில் சேர்ப்பதே இல்லை. இருபது, முப்பது முட்டை. மூன்று நான்கு வாரம் அது விசிறிக்கொண்டே திரிய வேண்டும்.

நாங்கள் இருக்கும்போதே வியாபாரியின் ஆள் வந்தான், வெள்ளை பிளாஸ்டிக் பேசினோடு. மூடியில் ரத்தமாக இருந்த இறால்களை அதில் கவிழ்த்தான். பேசிக்கொண்டிருக்கையிலேயே அவை இளஞ்சிவப்பாகிவிட்டன. “என்னக்கா, இந்த வாட்டி கலரே இல்லையே.” விலை ஒரு படி இறங்கியது. உருப்படி பத்து ரூபாய்க்குள். இதே இறால் கடையின் கறுப்பு மண்ணில் இரண்டு நாள் கிடந்தால் ‘ஃபயர் ரெட்’ என்று பெயர் வாங்கி நாற்பதுக்குப் போகும். அவனுக்கும் அது தெரியும். தராசில் கள்ளம் செய்தால் பிடிக்க முத்திரை ஆய்வாளர் இருக்கிறார். பேசினின் நிறத்தை யார் சோதிப்பது? இது போதாதென்று வழியில் செத்ததும் அக்கா கணக்கில். முன்பணம் வியாபாரி கொடுத்தது, அதனால் வேறு ஆளுக்கு விற்கவும் முடியாது. வளர்ப்பவர் தலையில் எல்லா நட்டத்தையும் கட்டிவிட்டு, பெயர் சூட்டும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வதற்கு வியாபாரம் என்று பெயராம்! நான் கொதித்ததைப் பார்த்து அக்கா சிரித்தார். “கரண்ட்டு போன அன்னிக்கு ராத்திரி பேட்டரி பம்ப்பு எடுத்துட்டு வந்தவன் இவன்தான் சார்.” அதற்காக அந்தப் பேசினை நான் மன்னிக்கத் தயாரில்லை.

மகன் ஜப்பானியர்களின் ‘கிரிஸ்டல் ரெட்’ வளர்க்க ஆசைப்படுகிறான். ஹிசயாசு சுசுகி என்பவர் 1990களில் கறுப்பு வரி இறால்களுக்குள் அபூர்வமாகப் பிறந்த சிவப்பைப் பிரித்து உருவாக்கிய ரகம் அது. ஆனால் குளிர்ந்த தண்ணீர் கேட்கும். அதற்கான மின்கட்டணத்தை நினைத்தே அம்மா பேச்சை மாற்றினார்.

அதற்குள் அவன் முன்பணக் கணக்கில் சேராத ஒரு தொட்டியைத் தனக்கென்று பிரித்து, போனில் படம் போட்டு நேரடியாக விற்கத் தொடங்கிவிட்டான். கோவையிலிருந்து ஒருவர் பை பிரித்த கையோடு குரல்பதிவு அனுப்பியிருந்தார்: படத்தில் இருந்த சிவப்பு இல்லை, அதிலும் ஒன்று செத்து மிதக்கிறது. மகன் போனை அம்மாவிடம் நீட்டினான். “மிதக்கிறது கழட்டிப் போட்ட சட்டைத் தோலு தம்பி, அப்படியே விடுங்க, அதையும் தின்னுடும். கறுப்பு மண்ணு போட்டு ரெண்டு நாள் கழிச்சுப் பேசுங்க” என்று பதிவு செய்து அனுப்பிவிட்டு, அக்கா அடுத்த தொட்டிக்குப் போனார்.