நல்ல பிளாஸ்டிக் மீது ஒரு வழக்கு

ஆய்வக அறிக்கையைப் படித்து முடித்த எதிர்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே அதை என் பக்கம் தள்ளினார். பொருள் அசல் நைலான் 6. உள்ளே காற்றுக்குமிழி இல்லை, கழிவு பிளாஸ்டிக் கலக்கவில்லை. குறையுள்ள பொருளை விற்றார்கள் என்று நாங்கள் வழக்குப் போட்டிருக்க, பொருள் நல்ல பொருள் என்று அறிக்கை சொன்னது. அதன் இரண்டாம் பக்கத்தை அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

புகார்தாரர் சுண்ணாம்புக்குளத்து மீனவர். தம்பியோடு சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார், பின்னால் நீளத் தண்டு கொண்ட லாங் டெயில் இன்ஜின். தண்டு ஓடும் குழாய்க்குள் அதைத் தாங்கி நிற்பது புஷ். பழைய கன்மெட்டல் புஷ் தேய்ந்துபோகவே, கடைக்காரர் தண்டும் புஷ்ஷும் சேர்ந்த புது செட் ஒன்றைக் கொடுத்தார். "இன்ஜினியரிங் பிளாஸ்டிக். கிரீஸ் வேணாம், துரு ஏறாது, கார்லயே இதைத்தான் போடுறாங்க" என்றாராம். அட்டைப்பெட்டியிலும் கடல், ஏரி இரண்டுக்கும் ஏற்றது என்று அச்சிட்டிருந்தது. போட்ட புதிதில் நன்றாகவே ஓடியது. பிறகு தண்டு இறுகத் தொடங்கியது. ஒருநாள் நடு ஏரியில் நின்றேவிட்டது. கிளப்பிப் பார்த்ததில் இன்ஜினும் புகைந்தது. பழவேற்காடு ஏரி பெரும்பாலும் ஆள் ஆழம்கூட இல்லை என்பதால் கோல் ஊன்றியே கரை சேர்ந்தார்கள். மணல் புகுந்திருக்கும், பராமரிப்பு சரியில்லை என்று கம்பெனி பதில் எழுதியது.

முதல் தடை வழக்கமானதுதான்: மீன் பிடித்து விற்பது வியாபாரம், ஆகவே இவர் நுகர்வோர் அல்ல. இதற்கு விடை 1995-லேயே வந்துவிட்டது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் வாங்கிய இயந்திரம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயன்படுத்தும் பொருளை வாங்குபவர் நுகர்வோர்தான் என்று விளக்கியிருக்கிறது. தானே ஓட்ட வாங்கும் வண்டி என்ற உதாரணமும் அந்தத் தீர்ப்பில் உண்டு. வண்டி இருந்த இடத்தில் நான் படகை வைத்தேன். அதற்கு மேல் வாதம் நீளவில்லை.

பிளாஸ்டிக் விஷயம் அப்படி எளிதாக முடியவில்லை. அதைப் புரியவைத்தது புகார்தாரரின் அக்கா மகன். பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் சிப்பெட்டில் டிப்ளமா முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தான். "நைலான் தண்ணி குடிக்கும் சார். குருணையை எண்பது டிகிரியில மணிக்கணக்கா காய வெச்சுத்தான் மெஷின்ல போடுவோம். ஈரத்தோட போட்டா பீஸ்ல சில்வர் அடிக்கும், தட்டினா உடையும்" என்றான். வார்த்த பிறகும் அந்தத் தாகம் போவதில்லை. நீரில் ஊறிக் கிடந்தால் நைலான் 6 தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம்வரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கூடவே பருக்கும். அசிட்டால் என்ற இன்னொரு வகை 1 சதவீதம்கூட இழுக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புகார்தாரர் குறுக்கிட்டார்: "வலையும் அதானே? நனைஞ்ச நைலானுக்கும் காஞ்ச நைலானுக்கும் இழுப்பு வேறதான் வக்கீலய்யா." வாழ்நாளெல்லாம் நைலான் வலையைக் கையில் பிடித்தவருக்கு, புஷ்ஷும் அதே சரக்கு என்று யாரும் சொல்லவில்லை.

அப்போது நடப்பில் இருந்தது 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சோதனை செய்யாமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாதென்றால், மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப 13(1)(சி) பிரிவு மன்றத்துக்கு அதிகாரம் தந்தது. பொருளில் குறை உண்டா என்பதோடு மனுவை முடிக்காமல், தண்ணீரில் ஊறவைத்தால் உள்விட்டம் மாறுகிறதா என்றும் கேட்கச் சொன்னேன். செட்டோடு வந்த, பிரிக்காத உபரி புஷ் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை இரும்புக் குழாய்க்குள் பொருத்தி ஊறவைத்தார்கள். வெளிப்பக்கம் பருக்க வழியில்லாததால் உள்பக்கம் நெருங்கி, தண்டு சுழல விட்டிருந்த இடைவெளியை விழுங்கிவிட்டது. இரண்டாம் பக்கத்தில் இருந்தது இதுதான்.

நுகர்வோர் மன்றத்தில் பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்கள்தாம் பேசும். கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். கம்பெனி இன்ஜினியருக்கு எழுத்து மூலம் கேள்விகள் அனுப்ப அனுமதி வாங்கினேன். அவற்றில் ஒன்றுதான் முக்கியம்: இந்த இடைவெளியைக் காய்ந்த நிலையில் அளந்து வைத்தீர்களா, நனைந்த நிலையிலா? காய்ந்த நிலையில் என்று பதில் வந்தது. நேர்மையான மனிதர்.

எதிர்தரப்பு வக்கீலும் சளைத்தவரல்ல. கார் ரேடியேட்டரின் இரு பக்கத் தொட்டிகளும் கண்ணாடி இழை கலந்த நைலான்தான், அதில் எந்நேரமும் சுடுதண்ணீர் நிற்கிறது, ஒன்றும் ஆவதில்லையே என்றார். உண்மைதான். ஆனால் அந்தத் தொட்டிக்குள் தண்டு எதுவும் சுழல்வதில்லை. கொஞ்சம் பருத்தாலும் அதற்கு நஷ்டமில்லை. மயிரிழை இடைவெளியை நம்பி ஓடும் புஷ்ஷின் கதை வேறு. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவைக் காட்டினேன். என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் தேர்ச்சியை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தகுதியாக இருக்க வேண்டும். வணிகப் பெயர் சொல்லி வாங்கியதற்கு இது பொருந்தாது என்று அதே பிரிவின் விதிவிலக்கை அவர் நீட்டினார். நான் அட்டைப்பெட்டியை நீட்டினேன்.

செட்டின் விலை, இன்ஜின் பழுதுபார்த்த செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு என்று உத்தரவானது. தொழில் இழப்புக்கு மட்டும் ஒரு காசு இல்லை. படகு முடங்கிக் கிடந்தது மழைக்குப் பிந்தைய இறால் காலம். முந்தைய ஆண்டு வரவுக்கு நாங்கள் காட்டியது இறால் வியாபாரியின் கணக்கு நோட்டு. ரசீது இல்லை, கையெழுத்து இல்லை என்று மன்றம் அதை ஏற்கவில்லை. ஏரிக்கரையில் எந்த வீட்டில் ரசீது இருக்கும்? இந்தப் பகுதி தவறு என்றுதான் இன்றும் சொல்வேன்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது, மாநில ஆணையத்துக்குப் போகலாம் என்று புகார்தாரரிடம் சொன்னேன். "அந்த நோட்டுல எழுதின கடனை மட்டும் இறால் வியாபாரி கரெக்டா வசூல் பண்றாரே" என்றார். பிறகு, இறால் ஓட ஆரம்பித்துவிட்டது, சென்னைக்கு அலைய முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பெனியும் மேல்முறையீடு செய்யவில்லை. டிராஃப்ட் வந்தது. புகார்தாரர் காசிமேட்டு லேத் பட்டறையில் கன்மெட்டல் புஷ் கடைந்து வாங்கிப் போட்டுக்கொண்டார்.