ஏழாவது சுற்று

வேகமாக ஓடும் ரேடியோ கார் தன் குறையை வேகத்திலேயே மறைத்துக்கொள்ளும். பாறை ஏறும் கிராலரில் அது நடக்காது. என்னுடைய 1/10 அளவு வண்டியில் மோட்டார் ஏறக்குறைய 53 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். பாறை விளிம்பில் டயரை வைத்து அங்குலம் அங்குலமாக ஏற்றுவதுதான் இங்கே விளையாட்டே. அப்படி ஏற்றும்போதுதான் என் வண்டி திக்க ஆரம்பித்தது. சீராகப் போய், ஒரு நொடி பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும். மோட்டாரைத் தொட்டால் கை சுட்டது.

முதலில் வண்டியை ஒரு கட்டை மேல் ஏற்றி, நான்கு சக்கரமும் தரையில் படாமல் வைத்தேன். பெரும்பாலான கிராலர்களில் இடது வலது சக்கரங்கள் பூட்டியபடியே சேர்ந்துதான் சுழலும். 2017-இல் வந்த டிராக்ஸாஸ் டிஆர்எக்ஸ்-4 போல, ஓட்டும்போதே பூட்டித் திறக்கும் டிஃபரன்ஷியல் உள்ளவை குறைவு. பூட்டிய அச்சோடு தரையில் திரும்பினால் எந்த வண்டியும் முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். அதை நோயென்று நினைத்து கியர்பாக்ஸைப் பிரித்தவர்கள் உண்டு. அடுத்து, மோட்டாரைத் தளர்த்தி, அதன் முனையிலுள்ள சிறு கியரான பினியனை விலக்கினேன். பிரஷ் மோட்டாரின் காந்தம் கைக்குத் தரும் 'டக் டக்' உணர்வும் இறுக்கம் போலவே இருக்கும், அது இயல்பானதுதான். இரண்டையும் கழித்த பிறகும் திக்கல் இருந்தது. பினியன் சுழற்றும் ஸ்பர் கியரை விரலால் தள்ளினால், வெளியே வரும் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு தடவை பிடித்தது.

இரண்டு தடவை என்றதும் சந்தேகம் ஷாஃப்டின் முனைகளிலுள்ள யுனிவர்சல் ஜாயிண்ட் மேல் போனது இயற்கை. சாய்ந்த கோணத்தில் சுழலும் ஒற்றை ஜாயிண்ட் ஒரு சுற்றில் இரு முறை வேகம் கூடி, இரு முறை குறையும். 30 பாகைச் சாய்வில் ஏறக்குறைய 15 சதவீதம் கூடும், 13 சதவீதம் குறையும். ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். மாற்றிப் பூட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து உதறும். என் வண்டியில் கவைகள் சரியாகத்தான் இருந்தன.

ஷாஃப்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பிடிக்கும் இடங்களைக் கடிகார முள் கணக்கில் குறித்துக்கொண்டு வந்தேன். முதலில் 12-இல் பிடித்தது அடுத்த சுற்றில் கிட்டத்தட்ட 1-இல் பிடித்தது. அதற்கடுத்தது 2-ஐ நெருங்கியது. ஜாயிண்ட் குற்றவாளி என்றால் இடம் நகரவே கூடாது. ஏழாவது சுற்று முடியும்போது கோடு பழைய 12-க்கே வந்து நின்று பிடித்தது.

அந்த ஏழுதான் எல்லாவற்றையும் சொன்னது. பெட்டிக்குள் மூன்று கியர்: மேலே 20 பல், நடுவில் ஐட்லர் 28 பல், கீழே, வெளியே வரும் ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் 52 பல். 52 பல் ஏழு சுற்றுச் சுற்றினால் 364 பற்கள் கடந்திருக்கும். 28 பல்லுக்கு அது மிகச் சரியாக 13 சுற்று. ஆக ஒரு சுற்றுக்கு இரண்டு அல்ல, இரண்டுக்குச் சற்றுக் குறைவு. கீழ்க் கியர் என்றால் ஒரு முறைதான் பிடிக்க வேண்டும். மேல் கியர் என்றால் 2.6 முறை. ஐட்லருக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். விகிதத்தை ஒரு துளியும் மாற்றாமல், சுழலும் திசையை மட்டும் திருப்பிவிடும் கியர் அது. யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. உறுதிக்காக ஷாஃப்டையும் கழற்றிப் பார்த்தேன். இறுக்கம் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

ஐட்லருக்கு அருகிலுள்ள ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். இறுக்கம் மறைந்தது! பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். தளர்ந்த பெட்டி பாரத்தில் விரியும், பற்கள் நுனியில் மட்டும் கடிக்கும், மணல் உள்ளே போகும். எனக்கு அது தீர்வாகப் படவில்லை. பிரித்தேன். கியர் பற்களில் குறையில்லை, பேரிங் வழுவழுவென்று சுற்றியது. பேரிங் உட்காரும் குழியின் சுவரில்தான், 52 பல் இருக்கும் பக்கமாக, தாளை விட மெல்லிய பிளாஸ்டிக் இதழ் ஒன்று மடிந்து நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

கோவை கணபதியில் மோல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். லென்ஸ் போட்டுப் பார்த்தார். "இது பிசிறுங்க தம்பி. குழி வர்றதுக்கு அச்சுல தனியா ஒரு பின் சொருகியிருப்பாங்க. அதைச் சுத்தி இடுக்கு விழுந்துருச்சுன்னா மெட்டீரியல் அதுல ஏறிரும்" என்றார். இடுக்கு ஏன் விழுகிறது என்று கேட்டேன். "நைலான்ல கண்ணாடி நார் கலக்கறாங்கல்ல, அது அச்சு இரும்பையே அரிச்சுரும்" என்றார். பெட்டி உடையாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்தான் அச்சைத் தேய்க்கிறது.

மீதியை நானே கோத்துக்கொண்டேன். குழியின் விளிம்பில் நின்ற இதழைப் பேரிங் உள்ளே தள்ளி மடக்கியிருக்கிறது. ஸ்க்ரூ இறுக இறுக, அது பேரிங்கை மேல் கியர் பக்கமாகச் சாய்த்து, இரு கியர்களின் பற்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளியைத் தின்றுவிட்டது. எந்த வார்ப்புக் கியரும் துல்லிய வட்டமல்ல; ஒரு பக்கம் சற்று உப்பியிருக்கும். இடைவெளி இருக்கும்வரை அது தெரியாது. இடைவெளி போனதும், உப்பிய பக்கம் மேல் கியரைத் தொடும்போதெல்லாம் பிடிக்கிறது.

பிளேடு நுனியால் இதழைச் சுரண்டி எடுத்து, எல்லா ஸ்க்ரூவையும் முழுதாக இறுக்கினேன். எங்கும் பிடிக்கவில்லை.

இதே மாடல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதுவரை அந்த ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டே ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் பெட்டியைத் திறந்தபோது இதழ் அதே குழியில், அதே பக்கத்தில் இருந்தது. அவருடைய ஐட்லரின் பல் நுனிகள் ஏற்கெனவே மழுங்கிவிட்டதால் புதிது வாங்க வேண்டியதாயிற்று.