வலி தொடங்கிய வேளை

இயந்திரம் ஒரு நிமிஷத்தில் எண்ணிச் சொல்லிவிடுகிற வெண்குழியக் கணக்குக்காக ஓர் உத்தியோக காலம் முழுவதையும் செலவிட்டீர்களா என்று, அண்மையில் எங்கள் தொழிலுக்கு வந்த இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். மாத்தளை மாவட்டத்து ஆய்வுகூடங்களில் நுணுக்குக்காட்டியின் மேல் குனிந்தே முதுகு வளைந்தவனாகையால், அந்தக் கேள்வியைப் பரிகாசமென்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

எல்கடுவ மலைப்பக்கத்திலிருந்தோ கந்தேநுவரத் தோட்டங்களிலிருந்தோ வலப்பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேருகிற ஒருவருக்குக் குடல்வளரி அழற்சிதானா, இராத்திரியோடு இராத்திரியாகச் சத்திரசிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா, அல்லது விடியும்வரை பார்க்கலாமா என்ற சந்தேகம் எழும்போதெல்லாம் வைத்தியர் எங்களிடந்தான் இரத்தத்தை அனுப்புவார். வெண்குழியங்களின் மொத்தக் கணக்கு, வகைக் கணக்கு, பிற்காலத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதம் ஆகிய மூன்றும் சீராயிருந்து, வயிறும் இளகியிருந்தால், நோய் அதுவல்ல என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்; அவற்றுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு துணிவது சாகசமேயன்றிச் சாஸ்திரமாகாது.

இதை எனக்குப் போதித்தவர் நான் வேலைக்குச் சேர்ந்தபோது தலைமைப் பொறுப்பிலிருந்த பெரியவர். நியூபவர் அறையின் நான்கு மூலைச் சதுரங்களையும் எண்ணி ஐம்பதால் பெருக்கி நான் கொண்டுபோய் வைக்கும் இலக்கத்தை அவர் ஏறிட்டும் பாரார். “தம்பி, நோவு எத்தனை மணிக்குத் தொடங்கினது?” என்பதுதான் அவருடைய முதற் கேள்வி, இரத்தத்தோடு வரும் வைத்தியரின் துண்டில் அது எழுதப்படவில்லையென்றால், நானே வார்டுக்கு நடந்து விசாரித்து வர வேண்டும். தோட்டத்துச் சனங்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்பவர்களல்லர். “பெரட்டுக்குப் போகையிலேயே தொப்புள்கிட்ட புடிச்சிக்கிச்சுங்க ஐயா, அந்திக் கொழுந்து நிறுக்கையில இங்கிட்டு வந்துருச்சு” என்று ஓர் அம்மாள் சொன்னதை அப்படியே வந்து ஒப்புவித்தேன். அவரோ, அந்தத் தோட்டத்தில் பிரட்டு என்னும் காலை ஆள்கணக்கு எப்போது, கொழுந்து நிறுப்பது எப்போது என்று கணக்கிட்டு, மணியைத் துண்டின் மூலையில் சிவப்பு மையால் குறித்தார். மொத்தம் 9,800, சாதாரண எல்லைக்குள்ளேதான் இருந்தது. ஆயினும் லீஷ்மன் சாயமிட்ட கண்ணாடியை அவர் என்னைப் பார்க்கச் செய்தபோது, கரு இன்னும் துண்டுபடாத, குதிரைலாடம்போல் வளைந்த இளங்கலங்கள் புலத்துக்குப் புலம் தென்பட்டன. அறிக்கையில் அதை எழுதியதோடு, ஆறு மணி நேரத்துக்குப் பின் மறுபடியும் இரத்தம் எடுக்குமாறும் வேண்டிக்கொண்டார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அழற்சி தொடங்கியவுடன் சி.ஆர்.பி. ஏறிவிடுவதில்லை, ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் சென்றே கிளம்பி, இரண்டு நாள் அளவில் உச்சத்தைத் தொடும். ஆகவே மூன்று மணி நேர வலிக்கு எடுத்த சீரான சி.ஆர்.பி. எதையும் விலக்காது, இரண்டு நாள் வலிக்குப் பின்னும் அது சீராக இருந்தால் அதுவே பெரும் ஆறுதல். கர்ப்பிணிக்கு வெண்குழியம் இயல்பாகவே கூடும். பிரெட்னிசொலோன் விழுங்குகிறவருக்கும் கூடும். முதியவர்க்கோ நோய் முற்றியும் சில வேளை ஏறாது. குடல்வளரி அழற்சியை மதிப்பிட 1986இல் அல்வராடோ வகுத்த பத்துப் புள்ளிக் கணக்கில் வெண்குழிய மிகுதிக்கு இரண்டும் இளங்கலப் பெருக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று புள்ளிகள் எங்கள் மேசையிலிருந்து போவன என்பதைப் பெருமையோடு சொல்வேன். 2014இல் பின்லாந்து வைத்தியர்கள் வயது வந்தோருக்கென அமைத்த கணக்கிலோ, சி.ஆர்.பி.க்கான புள்ளியே வலி இருபத்துநான்கு மணி நேரத்துக்கு உட்பட்டதா மேற்பட்டதா என்பதற்கேற்ப வேறுபடுகிறது. என் ஆசான் சிவப்பு மையால் குறித்துவந்ததை அவர்கள் அட்டவணையாக்கினார்கள், அவ்வளவே.

இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. அதன் கை எங்கள் கையைவிடத் தளராதது. ஆனால் அது சந்தேகக் கொடி காட்டும்போதும் கண்ணாடியைப் பூசிப் பாராமல் அறிக்கையை அனுப்பிவிடுகிற வழக்கம் இப்போது பரவிவிட்டது. இரத்தம் எடுத்த நேரம் நொடி பிசகாமல் அச்சாகிறது. வலி தொடங்கிய நேரத்துக்கு நான் பார்க்கும் துண்டுகளில் இடமேயில்லை. தனியார் நிலையமொன்றின் “நோர்மல்” என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வீடு திரும்பி, மூன்றாம் நாள் குடல்வளரி வெடித்த நிலையில் தூக்கிவரப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த இலக்கம் பொய்யன்று, எடுத்த வேளைதான் பொருந்தவில்லை. அந்த இளைஞருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: எண்ணுவதை இயந்திரத்திடம் விட்டுவிடுங்கள், வார்டுக்கு நடந்துபோய்க் கேட்பதை அதனிடம் விட முடியாது, அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.